செட்டிநாட்டு வீட்டில் 1978 ‘சூப்பர்மேன்’: 4கே வட்டை உள்ளபடி பார்க்கும் முறை

1978ஆம் ஆண்டு வெளியான ‘சூப்பர்மேன்’ படத்தின் 4கே வட்டை ஆசையோடு வாங்கிவந்து போட்டவுடன் பலருக்கும் முதலில் எழும் எண்ணம், காசு வீணாகிவிட்டதோ என்பதுதான். நாயகன் பிறந்த கிரிப்டான் கோளில் நடக்கும் தொடக்கக் காட்சிகள் ஆடை படிந்த பால்போல மென்மையாக இருக்கின்றன. வெள்ளை ஒளி பொருள்களின் விளிம்பைத் தாண்டி வழிகிறது. முகங்களின் மேல் நுண்ணிய துகள்கள் ஓயாமல் அசைகின்றன. எங்கள் காரைக்குடி வீட்டில் முதன்முறையாக இதைப் போட்ட மாலையில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஆயா, “ஏன்டா அப்பு, கண்ணாடியத் தொடச்சிட்டுத்தான் பாக்குறேன், அப்பவும் பனி மூடுனாப்புல இருக்கே” என்று கேட்டார்கள். நான் அப்போது ரிமோட்டை எடுத்து ஷார்ப்னெஸை ஏற்றினேன். படம் கூர்மையாகவில்லை, ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கோடு முளைத்ததுதான் மிச்சம்.

ஆயா பார்த்தது சரிதான். அந்தப் பனி ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் வேண்டுமென்றே போட்ட பனி. லென்சுக்கு முன்னால் ஒளியைச் சிதறடிக்கும் வடிகட்டிகளை வைத்து, வெளிச்சம் மெல்லக் கசிந்து பரவும்படி படம்பிடிப்பது அவருடைய முறை. 1978 டிசம்பரில் படம் திரைக்கு வருமுன், அக்டோபர் மாதத்திலேயே அவர் காலமாகிவிட்டார். படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஆகவே இந்த வட்டைப் போடுகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்று உண்டு. நமது தொலைக்காட்சியும் நமது அறையும் இந்த மென்மையைத் திருத்த முயலாமல், இருப்பதை இருக்கிறபடி காட்டினால் போதும். அதற்கு வேண்டிய ஏற்பாடுகளை, குறிப்பாக நமது பக்கத்துப் பழைய வீடுகளில் அவற்றைச் செய்யும் விதத்தை, இங்கே எழுதுகிறேன்.

எந்தப் பதிப்பை வாங்குவது

இந்தப் படத்துக்கு மூன்று நீளங்கள் உண்டு. திரையரங்குகளில் ஓடியது 143 நிமிடம். இயக்குநர் ரிச்சர்ட் டானரின் மேற்பார்வையில் 2000ஆம் ஆண்டையொட்டி உருவான சிறப்புப் பதிப்பு 151 நிமிடம். அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இரண்டு இரவுகளில் ஒளிபரப்பும்படி நீட்டிய வடிவம் 188 நிமிடம். படம் வெளியானதன் 40ஆம் ஆண்டையொட்டி 2018இல் வந்த 4கே வட்டில் இருப்பது திரையரங்கப் பதிப்பு. முதன்முறை பார்ப்பவர்கள் அதையே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீண்ட வடிவத்தில் கிரிப்டானில் தேவையற்ற நடமாட்டம் அதிகம். ஒரு குழந்தை தன் உலகத்தை இழந்து வேறோர் உலகத்தில் வந்து விழுகிற கதையின் வேகம் அதில் தளர்ந்துவிடுகிறது.

வீட்டில் பழைய ‘பால்’ (PAL என்ற பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு முறை) டிவிடி இருந்தால் அதையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், ஒப்பிடுவதற்கு உதவும். டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720 பெருக்கல் 576 புள்ளிகள்தான். ப்ளூ-ரேயில் 1920 பெருக்கல் 1080. 4கேயில் 3840 பெருக்கல் 2160, அதாவது டிவிடியைப்போல் 20 மடங்கு. இன்னொரு வேறுபாடு பலர் கவனத்துக்கு வராதது. நொடிக்கு 24 படச்சட்டங்களாக எடுத்த படத்தைப் பால் முறை 25 சட்டங்களாக ஓட்டுவதால், 143 நிமிடப் படம் ஏறத்தாழ 137 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே பெரும்பாலும் சுருதியும் ஏறிவிடும். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் முகப்பிசையைப் பல ஆண்டு டிவிடியில் கேட்டுப் பழகியவருக்கு, ப்ளூ-ரேயில் கேட்கும்போது பித்தளைக் கருவிகள் சற்றே தாழ்ந்து, கனத்து ஒலிப்பதாகத் தோன்றும். அந்தக் கனம்தான் உண்மையானது.

4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டு கிடையாது. எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு என்பதால், வருகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்வது எளிது. ஆனால் அதே உறைக்குள் இருக்கும் சாதாரண ப்ளூ-ரே வட்டுக்குப் பூட்டு இருக்க வாய்ப்புண்டு. இந்தியா சி மண்டலத்தில் வருகிறது. சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ மண்டலம். 4கே வட்டைப் படிக்கும் தனி பிளேயர் கிடைக்காவிட்டால், வட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 போதுமானது. பிளேஸ்டேஷன் 4 இந்த வட்டைப் படிக்காது. அதை நம்பி வாங்கிவிட வேண்டாம்.

அறையைத் தேர்ந்தெடுத்தல்

நமது வீடுகளில் பெரிய தொலைக்காட்சியை வைக்க எல்லோரும் முதலில் தேர்ந்தெடுப்பது வளவையோ (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) முன்கட்டு ஹாலையோதான். பத்துப் பேர் உட்காரலாம், காற்று வரும், வந்தவர் பார்வையிலும் படும். படம் பார்ப்பதற்கு அதைவிட மோசமான இடம் அந்த வீட்டில் வேறில்லை.

முதல் காரணம் வெளிச்சம். வானம் பார்த்த முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்தை எந்தத் திரைச்சீலையாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. இரவில்கூட, நிலா நாளாக இருந்தால், தூண்களுக்கிடையே விழும் ஒளி திரையின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். இரண்டாவது காரணம் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சுவரும் தரையும். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர், கை வைத்தால் வழுக்குகிற பளிங்குபோல இருக்கும். ஆத்தங்குடிக் கல்லோ கண்ணாடிப் பலகையின் மேல் வார்க்கப்படுவதால் பிறவியிலேயே பளபளப்பு உள்ளது. நடக்க நடக்க இன்னும் மெருகேறும். திரையில் நாயகன் சிவப்பு மேலங்கியோடு பறக்கும்போது எங்கள் ஹாலின் தரையில் அந்தச் சிவப்பு நீளமாக ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையில் விழுந்த ஒளி சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து திரும்பித் திரையின் மேலேயே விழுந்து, இருண்ட காட்சிகளை எல்லாம் வெளுக்கச் செய்தது.

தேட வேண்டிய இடம் வளவைச் சுற்றியிருக்கும் அறைகள். ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான குடும்பத்துக்கும்) ஒன்றென்று ஒதுக்கி, பெரும்பாலும் சீர்ச்சாமான்களையும் பாத்திரங்களையும் அடுக்கிவைத்து, இன்று பூட்டிக் கிடக்கும் அந்த அறைகளுக்குத் தடித்த சுவர், ஒரே கதவு, சிறிய சன்னல். பகல் 12 மணிக்கும் விளக்கில்லாமல் உள்ளே போக முடியாத அந்த இருட்டு, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை விரிவாகக் காட்டும் எச்.டி.ஆர் படத்துக்கு வரம். எங்கள் வீட்டில் பத்தடிக்குப் பன்னிரண்டடியுள்ள அப்படியோர் அறையைக் காலி செய்ய மூன்று நாள் ஆனது. அதற்குப் பிறகு ஹாலில் நான் எந்தப் படமும் பார்த்ததில்லை.

சின்ன அறை என்பதால் இன்னொரு நன்மையும் தானாக அமைகிறது. 4கேயின் நுணுக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் திரையின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும். சாதாரண ப்ளூ-ரேக்கு மூன்று மடங்கு போதும். 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 சென்டிமீட்டர். ஆகவே ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் நாற்காலி இருக்க வேண்டும். ஹாலில் நான்கு மீட்டர் தள்ளி ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு ப்ளூ-ரேக்கும் 4கேக்கும் கூர்மையில் வேறுபாடு தெரியாது. வண்ணத்திலும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்திலும் மட்டுமே தெரியும். இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்த ஏற்ற இறக்கமே முக்கியமானது என்பதால், கண்ணுக்கு இதமான ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

அறைச் சுவர் வெள்ளையாக இருந்தால் திரைக்கு எதிர்ச்சுவரில் கருநிறப் போர்வையோ பழைய ஜமுக்காளமோ தொங்கவிடுங்கள். முழு இருட்டில் கண் கூசினால், தொலைக்காட்சிக்குப் பின்னால் 6500 கெல்வின் அளவுள்ள மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றை வைக்கலாம். மஞ்சள் குண்டு விளக்கு கூடாது; அது பக்கத்தில் எரிந்தால் கிரிப்டானின் வெள்ளை நீலமாகத் தெரியும்.

தொலைக்காட்சியை அடக்குதல்

கடையிலிருந்து வரும் தொலைக்காட்சி கடை வெளிச்சத்துக்காகத் தயார் செய்யப்பட்டு வருகிறது. பொருத்திக் கொடுக்க வந்தவர் எங்கள் தொலைக்காட்சியில் ‘விவிட்’ முறையை வைத்து, ஷார்ப்னெஸையும் வண்ணத்தையும் உச்சத்தில் ஏற்றி, “இப்பப் பாருங்க சார், எப்படிப் பளிச்சுன்னு இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. நான் குறைசொல்லிக்கொண்டிருந்த வட்டில் எந்தக் குறையும் இல்லை என்று பிறகுதான் விளங்கியது.

படமுறையில் ‘ஃபிலிம்மேக்கர்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். கீழே சொல்லும் பலவற்றை அது தானே செய்துவிடும். இல்லையென்றால் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ முறையை வைத்து, ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். முதலாவது, மோஷன் ஸ்மூத்திங். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. நொடிக்கு 24 சட்டங்களுக்கு நடுவே தானாகக் கற்பனைச் சட்டங்களைச் செருகி, சினிமாவை மெகா சீரியலாக்கும் வசதி அது. முழுவதும் அணைத்துவிடுங்கள். இரண்டாவது, நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற பெயரில் வரும் அனைத்தும். படச்சுருளின் துகள்களை அது அழுக்கென்று நினைத்துத் துடைக்கும். துடைக்கும்போது தோலின் நுணுக்கமும் சேர்ந்து போய், நாயகனின் தந்தையாக வரும் மார்லன் பிராண்டோ மெழுகுப் பொம்மையாகிவிடுவார். மூன்றாவது, ஷார்ப்னெஸ். பல தொலைக்காட்சிகளில் பூச்சியம் அல்லது அதற்கு அருகில்தான் இயல்பு நிலை, சிலவற்றில் நடுப்புள்ளி. விளிம்புகளில் வெள்ளைக் கோடு மறையும்வரை இறக்கிக்கொண்டே வாருங்கள். வண்ண வெப்பத்தை ‘வார்ம்’ நிலைக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும். கண் பழகியதும் முன்பு பார்த்ததுதான் நீலம் ஏறியது என்பது புரியும்.

எச்.டி.எம்.ஐ துளையின் அமைப்பை மறந்துவிடாதீர்கள். பல தொலைக்காட்சிகளில் அந்தத் துளைக்கு ‘என்ஹான்ஸ்டு’ என்ற நிலையைத் தனியே இயக்கினால்தான் 10 பிட் வண்ணம் முழுமையாக வரும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024 படிகள். கிரிப்டானின் வெண்மையும் வடதுருவத்தின் பனிவானமும் படிப்படியாகக் கரைகிற இடங்களில், இந்த வேறுபாடு வளையம் வளையமான கோடுகளாகக் கண்ணில் படும். கேபிள் 18 கிகாபிட் தாங்குவதாக இருக்கட்டும். அதற்குமேல் விலை கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளை ‘ஜூம்’ செய்து நீக்க வேண்டாம். படத்தின் அகலம் உயரத்தைப்போல் சுமார் 2.39 மடங்கு, திரையின் 2160 கோடுகளில் ஏறத்தாழ 1607 கோடுகளில்தான் படம் இருக்கும். பெரிதாக்கினால் இரண்டு ஓரங்களும் வெட்டுப்பட்டு, அகலத்துக்காகவே அமைத்த சட்டங்கள் சிதைந்துபோகும்.

ஒலி

சூப்பர்ஹீரோ படம் என்றால் கூரையிலிருந்தும் ஒலி வர வேண்டும் என்று எண்ணி, மேல்நோக்கி ஒலிக்கும் டால்பி அட்மாஸ் சவுண்ட்பாரை வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கருவி ஒலியைக் கூரையில் மோதவிட்டுத் திருப்பி நம் காதுக்கு அனுப்புகிறது. அதற்குச் சமதளமான கூரை வேண்டும். உயரம் ஏழரை அடியிலிருந்து 14 அடிக்குள் இருக்க வேண்டும். பர்மா தேக்கு உத்தரங்களும் குறுக்குக் கட்டைகளும் வரிவரியாக ஓடும் நமது கூரையில் மோதுகிற ஒலி சிதறிப்போகுமே தவிர, ஒழுங்காகத் திரும்பாது. வட்டில் அட்மாஸ் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நமது அறையில் ஒழுங்காக வைத்த ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், அதுவும் முடியாவிட்டால் நல்ல இரண்டு ஸ்பீக்கர்கள்கூட, அதைவிட நேர்மையாக ஒலிக்கும்.

அறையின் நடுவே நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய ஒலி முடிந்த பிறகு ‘ட்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் கேட்டால், மெருகுச் சுவர்கள் இரண்டும் ஒலியைப் பந்தாடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் இடையில் தரையில் கனமான ஜமுக்காளம் விரித்து, நாற்காலிக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து வையுங்கள். மறுபடி தட்டிப் பாருங்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வசனம் தெளிவானதுபோல், எந்த விலையுயர்ந்த கருவியாலும் தெளிவானதில்லை.

மின்சாரம் குறித்து ஒன்று சொல்லிவிடுகிறேன். மின்வெட்டின்போது சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சல் ஏறும். சைன் அலை இன்வெர்ட்டராக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

காட்சி காட்சியாகச் சோதித்தல்

ஏற்பாடு முடிந்ததும் தனியாகச் சோதனைப் படம் எதையும் தேட வேண்டாம். இந்தப் படமே சிறந்த சோதனை.

படம் கறுப்பு வெள்ளையில், சதுரத்துக்கு நெருக்கமான சிறிய சட்டத்தில், ஒரு திரைச்சீலை விலகுவதோடு தொடங்குகிறது. 1938 ஜூன் என்ற எழுத்துகள், ஒரு சித்திரக்கதைப் புத்தகம், அதைப் படிக்கும் குழந்தைக் குரல். ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த இந்த நாயகன் முதன்முதலில் தோன்றிய இதழின் அட்டையில் அச்சிட்டிருந்த மாதம் அது. பிறகு சட்டம் அகன்று, நீல ஒளி வால்களோடு பெயர்கள் நம்மை நோக்கிப் பாய்ந்து வருகின்றன. இங்கே இரண்டைப் பாருங்கள். சிறிய சட்டத்தைச் சுற்றியுள்ள கறுப்பு, அறை இருட்டோடு கலக்கிறதா? கலக்காமல் சாம்பலாக ஒளிர்ந்தால் அறையில் எங்கோ வெளிச்சம் இருக்கிறது, அல்லது பின்னொளி அதிகம். பாய்ந்து வரும் எழுத்துகளின் ஓரம் கிழிந்தோ நெளிந்தோ தெரிந்தால் மோஷன் ஸ்மூத்திங் இன்னும் முழுதாக அணையவில்லை.

அடுத்து கிரிப்டான். அங்கு வாழ்பவர்களின் உடை தானாக எரிவதுபோல ஒளிர்கிறதே, அது கணினி வேலை அன்று; 1978இல் அதற்கு வழியில்லை. நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த, வந்த திசைக்கே ஒளியைத் திருப்பியனுப்பும் பொருளால் அந்த உடைகள் தைக்கப்பட்டன. திருச்சியிலிருந்து காரைக்குடிக்கு இரவில் வண்டியில் வரும்போது, விளக்கு பட்ட கணத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை இருட்டிலிருந்து பளிச்சென்று எழுமே, அதே தத்துவம்தான். கேமராவின் பார்வைக் கோட்டிலேயே விளக்கையும் அமைத்ததால் ஒளி முழுவதும் நேராக லென்சுக்குத் திரும்பியது. அன்ஸ்வொர்த்தின் வடிகட்டி அதைச் சுற்றிலும் கசியவிட்டது. சரியாக அமைத்த எச்.டி.ஆர் திரையில் அந்த ஒளிர்வுக்குள்ளும் துணியின் மடிப்புகள் தெரியும். வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால் பிரகாசமோ கான்ட்ராஸ்டோ அளவு மீறியிருக்கிறது. பழைய டிவிடியில் இந்த இடத்தைப் போட்டு ஒப்பிடுங்கள்; 4கே எதற்காக என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இந்தப் படத்தில் இல்லை.

பூமிக்கு வந்த பிறகு, கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் எடுக்கப்பட்ட வயல்வெளிகள். வளர்ப்புத் தந்தை இறந்தபின், விடியலில் மகன் தாயிடம் விடைபெறும் காட்சியில் கேமரா மெல்ல உயர்ந்து, விளைந்த கோதுமைப் பரப்பைக் காட்டுகிறது. கதிர்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், ஆனால் முள்முள்ளாகக் குத்தக் கூடாது. அடிவானத்தில் பொன்னிறம் நீலத்தோடு சேரும் இடத்தில் வளையக் கோடு கூடாது. இங்கே படச்சுருளின் துகள் மிக மென்மையாக, ஓடும் நீரில் மிதக்கும் பொடிபோல அசையும். எதுவும் அசையவில்லையென்றால் நாய்ஸ் ரிடக்‌ஷன் எங்கோ ஒளிந்துகொண்டிருக்கிறது. செட்டிங்ஸில் மறுபடி தேடுங்கள்.

இதே பகுதியில் காதுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இளவயது நாயகனாக நடித்தவர் ஜெஃப் ஈஸ்ட். ஆனால் நாம் கேட்பது பின்னால் வரும் கிறிஸ்டோபர் ரீவின் குரல். பேச்சு உதட்டோடு ஒட்டாமல், காற்றின் ஒலியிலிருந்து சற்று விலகி, அறைக்குள் பேசியதுபோல் இருப்பதை நல்ல ஸ்பீக்கர் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கேட்டுவிட்டு வட்டில் ஒலி தவறியிருக்கிறதென்று நினைக்க வேண்டாம். ஒருவர் உடலுக்கு மற்றவர் குரலைப் பொருத்தும் கலை நமக்கு அந்நியமானதன்று. கன்னட ‘ஹரிச்சந்திரா’வைத் தமிழ்க்குரல் கொடுத்து 1944இலேயே வெளியிட்டவர் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன்தான், தேவகோட்டை ரஸ்தாவில் அவர் ஸ்டூடியோ நடத்திய காலமும் அந்தப் பத்தாண்டில்தான் வருகிறது.

நகரத்துக்கு வந்தபின், நாளிதழ்க் கட்டடத்தின் மாடியில் ஹெலிகாப்டர் தொங்கும் இரவுக்காட்சி. இருண்ட கட்டடச் சுவரில் செங்கல் வரிசையும், கீழே நிற்கும் கூட்டத்தின் முகங்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் கறுப்பு நிலை மிகத் தாழ்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு புள்ளி மட்டும் ஏற்றுங்கள்.

அதற்குப் பிறகு வரும் பறக்கும் காட்சிகளில்தான் பலரும் வட்டைக் குறை சொல்கிறார்கள், ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே உரையாடலுக்குள் ஒரு சட்டம் தெளிவாகவும் அடுத்த சட்டம் மணல் தூவியதாகவும் இருக்கும். நடிகரை ஒரு சுருளில் எடுத்து, வானத்தை இன்னொன்றில் எடுத்து, இரண்டையும் ஒளியியல் அச்சுக் கருவியில் மூன்றாவது சுருளில் சேர்த்தார்கள். நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய சுருளின் துகள் பழையதோடு கூடுகிறது. இந்தப் படிவுகளை 4கே மறைக்காது, மறைக்கவும் கூடாது. சோரன் பெரிசிச் உருவாக்கிய சோப்டிக் முறையில் எடுத்த சட்டங்களோ இவற்றைவிடத் தெளிவாக இருக்கும். அதில் பின்னணியை முன்புறத்திலிருந்தே திரையில் வீழ்த்தி, புரொஜக்டரின் ஜூமையும் கேமராவின் ஜூமையும் ஒன்றோடொன்று பிணைத்து இயக்கியதால், நகராத நடிகர் நம்மை நோக்கிப் பறந்துவருவதுபோல் ஒரே சுருளில் பதிவானது. எது எந்த முறையில் எடுத்த சட்டம் என்பதைத் துகளின் அடர்த்தியை வைத்தே ஊகிக்கலாம். எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த வேலை அதுதான்.

உடையின் நீலமும் சட்டத்துக்குச் சட்டம் மாறும். நீலத்திரைக்கு முன் நீல உடையில் நின்றால் உடையும் பின்னணியோடு மறைந்துபோகும் என்பதால், அத்தகைய காட்சிகளுக்குப் பச்சை கலந்த நீலத்தில் தனி உடை வைத்திருந்தார்கள். பிறகு வண்ணத்தைச் சரிசெய்தார்கள். மயில்கழுத்து நிறம் எட்டிப்பார்க்கும் இடங்களில் தொலைக்காட்சியின் வண்ணத்தைத் தொடாதீர்கள். அங்கே சரிசெய்தால் மற்ற எல்லா இடத்திலும் தோல் சிவந்துபோகும்.

வட்டு கிடைக்காதவர்களுக்கு

இணையத்தில் 4கே என்று வருவது வட்டின் 4கேக்கு ஈடாகாது. 4கே வட்டில் 66 அல்லது 100 கிகாபைட் வரை இடம் உண்டு. நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் அது தரவு தர முடியும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே ஒளிபரப்புக்குக் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட் மட்டுமே. அந்தச் சிக்கனத்தில் முதலில் பலியாவது படச்சுருளின் துகள். ஆகவே துகள் நிறைந்த பழைய படத்தை வட்டிலும், டிஜிட்டல் கேமராவில் எடுத்த புதிய படத்தை இணையத்திலும் பார்ப்பது நல்ல பிரிவினை. 2021 டிசம்பரில் நேரடியாக நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘மின்னல் முரளி’யை, தமிழ்க்குரலிலும் கிடைக்கிற அந்தச் சாதாரணத் தையற்காரனின் தோற்றக்கதையை, மேலே சொன்ன அதே அறையில் அதே அமைப்பில் பாருங்கள். மின்னல் தாக்கும் இரவுக்காட்சியில் இருட்டு கட்டம் கட்டமாக உடைந்தால் இணைய வேகம் குறைந்திருக்கிறது. வைஃபையை விட்டு லேன் கம்பி இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டடிச் சுவரைத் தாண்டி வைஃபை வருவது நமது வீடுகளில் எப்போதும் பாடுதான்.

வட்டைப் பேணுதல்

வட்டின் விளிம்பையும் நடுத்துளையையும் மட்டும் பிடித்து எடுங்கள். தூசு படிந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால், கீறல் விழும் பட்சத்தில் அது தரவு ஓடும் திசையிலேயே விழுந்து வட்டைப் படிக்கவிடாமல் செய்யும். பெட்டகத்துக்குள் அடுக்கிவைப்பதானால் நாப்தலின் உருண்டை போட்ட பெட்டகமாக இருக்க வேண்டாம். சில வகைப் பிளாஸ்டிக்கை அது தாக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உறைக்குள் ஒரு சிலிக்கா பொட்டலம் இருக்கட்டும். வட்டுகளைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல நிறுத்திவையுங்கள். மறுமுறை எடுத்துப் போடும்போது, தொலைக்காட்சி தானாகப் புதுப்பித்துக்கொண்டு பழைய ‘விவிட்’ நிலைக்குத் திரும்பியிருக்கிறதா என்று திரைச்சீலை விலகும் அந்த முதல் நிமிடத்திலேயே பார்த்துவிடுங்கள்.